பெரியவளும் சின்னவளும் ஸ்கேன் எடுத்துக்கொண்டது

மார்ச் 4

அன்புள்ள பெரியவளுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் சுகம்தானே? அம்மா காரியத்துக்கு வந்துபோன பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும்தான் எழுதவில்லை, விடு.

இங்கே ஆஸ்பத்திரியில் இரட்டைப் பிறவிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். எக்ஸ்ரே ஸ்கேன் மேசையில் அசையாமல் படுத்தால் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்லிவிடுமாம். நம் இருவரையும் கேட்கிறார்கள். வாயேன். மாடி அறையைப் பெருக்கித் துடைத்து வைக்கிறேன்.

உன் சின்னவள்

மார்ச் 19

என் சின்னவளே,

வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன். எனக்குத்தான் கொழுப்பு அதிகம் என்று மெஷின் சொன்னால் சிரிக்காதே. அதை நீ சின்ன வயசிலிருந்தே சொல்கிறாய்.

பெரியவள்

ஏப்ரல் 8

பெரியவளுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா?

என் தோளிலும் கையிலும் உன்னைவிடத் தசை அதிகம் என்று அந்த ஸ்கேன் எடுக்கும் பெண் சொன்னாள். கனமான வேலை ஏதாவது செய்கிறேனா என்று கேட்டாள். படுக்கையில் கிடந்த அம்மாவை இத்தனை வருஷமாகத் தூக்கி உட்கார வைத்ததைச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் நீ இல்லை. டீ குடிக்கப் போயிருப்பாய் என்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். நீ அப்போதே பஸ் ஏறிவிட்டாய் என்று வாட்ச்மேன்தான் சொன்னார்.

உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டாள், சொன்னேன். இரண்டு பேருக்குச் சமைத்ததை ராத்திரியும் மறுநாளும் நானே சாப்பிட்டேன்.

சின்னவள்

ஏப்ரல் 25

சின்னவளே,

நீ குத்திக்காட்டவில்லை என்று தெரியும். அதுதான் தாங்கவில்லை. நீ திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு உன்னோடு வீட்டுக்கு வந்திருப்பேன். கொஞ்ச நாள் என்னை விடு.

பெரியவள்

பிப்ரவரி 11

அன்புள்ள பெரியவளுக்கு,

இந்த வருஷத்து மறு ஸ்கேனுக்கு உன்னையும் கூப்பிட்டிருப்பார்கள். வருவாயா என்று கேட்டு எழுதினேன், பதில் இல்லை. போன தடவை மாதிரி நேரே அங்கே வந்துவிடுவாய் என்று நினைத்து நான் போய்விட்டேன்.

இப்போது கை இளைத்துவிட்டது. ரவிக்கை தொளதொள என்று தொங்குகிறது. வீட்டில் தூக்குவதற்குத் தண்ணீர்க் குடத்தைத் தவிர ஒன்றுமில்லை.

அதே பெண்தான் இருந்தாள். என் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஒருத்தி மட்டும் வந்தால் எடுக்க மாட்டார்களாம். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்காம்.

"அக்கா வருவாங்களா?" என்று கேட்டாள்.

"வருவா," என்றேன்.

எப்போது என்று கேட்டாள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

உன் சின்னவள்