ஜமக்காளத்தின் மேல் நாலு விரல்

என் கருத்த அழகி அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. கோவில்பட்டி வீட்டில் நான் மட்டும்தான். பேச்சுக்கு ஆளில்லாமல் டிவியில் வரும் சீரியல்காரியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவளாவது திரும்பிப் பேசினால் தேவலை.

நாளைக்கு உனக்குத் திதி. தம்பி சென்னையிலிருந்து வருகிறான். அதற்குள் உன் படத்தைச் சுவரில் மாட்டியாக வேண்டுமாம். படத்துக்கு நான் எங்கே போவேன்? கல்யாண வீட்டில் கேமராக்காரரைக் கண்டாலே, "பந்தியில என்ன வேணும்னு பாத்துட்டு வாரேன்" என்று நழுவிவிடுவாயே! இருப்பது ஆதார் அட்டையில் முழித்துக்கொண்டிருக்கும் முகம் ஒன்றுதான்.

தம்பி போனிலேயே ஸ்டுடியோவில் சொல்லிவிட்டான். அந்த முகத்தை எடுத்து, ஊர் வீட்டுப் பழைய படத்தில் அப்பா பக்கத்தில் ஒட்டி, பட்டுச்சேலை கட்டி, காசுமாலையும் போட்டுவிட வேண்டுமாம். "வாரவிய பாத்தா மதிக்கணும்லக்கா" என்கிறான்.

அந்தப் படம் உனக்கு மறந்திருக்காது. அத்தையை விளாத்திகுளத்துக்காரர்கள் பெண் கேட்ட சமயம். நம் வசதியைக் காட்டப் படம் அனுப்ப வேண்டும் என்று அப்பா போட்டோக்காரரை வீட்டுக்கே வரவழைத்தார். நாற்காலி கயத்தாறு பஞ்சு வியாபாரி வீட்டு இரவல். ரேடியோவும் இரவல்தான். அதன் வயர் தரையில் சும்மா கிடக்கிறது, நம் வீட்டில் அப்போது கரண்டே கிடையாது! அப்பா கைக்கடிகாரம் தெரிய சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருக்கிறார். மடியில் நான். அசைந்துவிட்டதால் என் முகம் கலங்கியிருக்கிறது. பக்கத்தில் அத்தை, கழுத்தில் உன் அட்டிகை, கையில் உன் வளையல்.

பின்னால் காரை பெயர்ந்த சுவர். அதை மறைக்க ஜமக்காளம். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். மறுமுனையைக் கட்ட இடமில்லாமல், நீ பின்னால் நின்று தூக்கிப் பிடித்தாய். "நீ எங்கம்மா?" என்று சின்ன வயதில் கேட்டேன். "ஏட்டி, நல்லாப் பாரு. நானும்தான் இருக்கேன்" என்று சிரித்தாய். ஜமக்காளத்தின் மேல் விளிம்பில் நாலு விரல் தெரிந்தது.

அத்தையோடு போன அட்டிகை திரும்பவே இல்லை. "வெறுங்கழுத்தோட போட்டோல நின்னா உங்க அப்பாவுக்குல்லா கொறச்சல்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். அதற்காகவா அம்மா, ஆயுசு முழுக்க ஒளிந்தாய்?

இன்று ஸ்டுடியோக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். "எக்கா, மேல என்னமோ விரல் தெரியுது. அழிச்சிருதேன், ஒண்ணும் தெரியாது."

"அதுல கைய வச்சீங்கன்னா நடக்கதே வேற!" என்று கத்திவிட்டேன். பாவம், மனிதர் மிரண்டுபோனார். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பட்டும் வேண்டாம், காசுமாலையும் வேண்டாம், இருக்கிறபடியே பிரேம் போடுங்கள் என்று வாங்கி வந்துவிட்டேன். தம்பிக்குக் கோபம். "அம்மா எங்கன்னு கேட்டா என்னக்கா சொல்ல?"

"அந்தா நிக்கா பாருன்னு சொல்லுலே."

மாட்டியாயிற்று. படத்தில் இருக்கிற அப்பா எப்போதோ போய்விட்டார், அத்தையும் போய்ச்சேர்ந்துவிட்டாள். ஆனால் உயிரோடு இருக்கிற நானும் படத்தில் இருக்கிறேனே, மாலை போடக் கூடாது என்பார்கள். மாலை என் மேலும் விழுந்தால் விழட்டும், இந்த வீட்டில் எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது என்று போட்டுவிட்டேன். சந்தனம் குழைத்த பிறகுதான் திகைத்தேன். பொட்டு வைக்க உனக்கு நெற்றி இல்லை. நாலு விரலுக்கும் வைத்தேன்.

நாளைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்த விரலைக் காட்டுவேன், இது சத்தியம். உனக்குக் கை கடுத்திருக்கும் அம்மா. நீ முன்னால் போய் உட்கார். ஜமக்காளத்தை இனி நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன்னைத் தேடித் திரும்பியதில் முகம் கலங்கிப்போன,
உன் மகள்