சாரிமா

என்னங்க,

கப்பலில் வெயில் எப்படி? நாம் தத்தெடுத்த பெண்கள் இருவரும் இந்தக் கோடை விடுமுறையில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் எழுந்துபோகிறார்கள். பத்து வயதுப் பெரியவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இன்று மாடியில் துணி காயப்போடும்போது, கீழே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள், "வரல, எங்கம்மா திட்டுவாங்க" என்றது காதில் விழுந்தது. நான் ஒருநாளும் திட்டியதில்லையே!

கொஞ்ச நேரத்தில் இருவரும் குழாயடியிலிருந்து சேற்றுக்காலோடு உள்ளே வந்தார்கள். "வீட்டை என்ன கோலம் பண்ணி வெச்சிருக்கீங்க!" என்று கத்திவிட்டேன். சின்னவள் அக்கா பின்னால் ஒளிந்துகொண்டாள். பெரியவள் காலைத் துடைத்தபடி, "சாரிமா, பசிக்குது" என்றாள்.

அவளாகக் கேட்டது இதுதான் முதல்தடவை. 'எங்கம்மா' என்றது என்னையா, பெற்றவளையா? அந்த 'மா', யாரிடமும் சொல்கிற 'மா'தானா? கேட்கப் பயமாக இருக்கிறது. முட்டை பொரித்துக் கொடுத்தேன். "இன்னொண்ணு" என்று தட்டை நீட்டினாள்.

உங்கள் வீட்டுக்காரி