பழைய எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஓய்வு பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு இன்று கம்பளையிலிருந்து பஸ் ஏறி, நான் ஆப்பரேட்டராக இருந்த கண்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி, "யாரைப் பார்க்கணும்மா?" என்றார். சொல்ல ஒரு பெயரும் இல்லை.

"சும்மாதான் தம்பி. முந்தி இங்கதான் வேலை செஞ்சேன்."

பாவம், உட்காரக் கதிரை தந்தார்.

உள்ளே டிவியில், விண்வெளிக்குப் போன ஒருவர் பூமியிலுள்ள தன் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். "அவ்வளவு தூரத்துல இருந்து எவ்வளவு தெளிவா கேக்குது பாருங்கம்மா" என்றார் செக்யூரிட்டி. எத்தனை பேருக்கு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளோடு பேச நான் லைன் போட்டுக் கொடுத்திருப்பேன்!

வீட்டுக்கு வந்ததும் லண்டனிலிருக்கும் மகளுக்கு, "இன்னைக்கு பழைய ஆபீசுக்குப் போனேன்" என்று மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டாள். இரண்டு மணி நேரமாகப் பதில் இல்லை. அங்கே இன்னும் பகல்தான். வேலையில் இருப்பாள்.