மேல் ஸ்லாட், கீழ் ஸ்லாட்

புதன்கிழமை, இரவு.

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

என் வீட்டுக்காரர் சேகர் கல்யாண வீடியோக்களை வீட்டுக் கணினியில் எடிட் செய்கிறார். புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியதிலிருந்து படம் விக்கி விக்கி ஓடியது. கார்டு பழுது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை பெண் வீட்டாரிடம் வீடியோவைக் கொடுத்தாக வேண்டும். சாயந்திரம் நான் தெப்ராவில் உள்ள கணினி போர்டு தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்தபோது, திருப்பிக் கொடுப்பதற்காகக் கார்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த ஸ்லாட்டுல போட்டிருந்தீங்க?"

"கீழதான். அங்கதான் இடம் தாராளமா இருக்கு. ரெண்டும் ஒரே நீளம் லா."

கணினிக்குள் மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட்டுகளைக் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தேன். மேல் ஸ்லாட்டில் கடைசி வரை உலோகப் பின்கள் இருந்தன. கீழ் ஸ்லாட்டில் முன்பகுதியில் மட்டும்தான். மிச்சம் வெறும் பிளாஸ்டிக். பதினோரு வருடமாக மதர்போர்டு பார்க்கும் கண்ணுக்கு அது உடனே பட்டது.

"நீளம் ஒண்ணுதான். ஆனா டேட்டா போக மேல பதினாறு லேன், கீழ நாலுதான். எல்லாத்தையும் நாலு லேன்ல அனுப்புனா ஜேம் ஆகாதா?"

கொக்கி பிடிக்கும்வரை நானே கார்டை மேல் ஸ்லாட்டில் அழுத்தினேன். கணினியைப் போட்டதும் படம் ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடியது.

அவர் என்னையே பார்த்தார். தொழிற்சாலையில் நான் என்ன செய்கிறேன் என்று இதுவரை கேட்டதில்லை. பிறகு கடைக்குப் போன் போட்டார்.

"கார்டு நல்லாதான் இருக்கு. என் வைஃப் கண்டுபிடிச்சாங்க. அவங்க போர்டு ஃபேக்டரியில இன்ஸ்பெக்டர்."

நான் வெறும் ஆபரேட்டர்தான். அவரைத் திருத்தவில்லை.