கார்த்திகையில் பூப்பவை

ஆகஸ்ட் 4, 2024
போன கார்த்திகையில் தேனீக்கள் பெட்டியை விட்டு ஓடிப்போயின. பூவே இல்லாத மாதம், எதைத் தின்று இருக்கும்? தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கிய புதிய கூட்டம் நேற்று வந்துவிட்டது. இதுவும் போனால் மறுபடி கேட்க எனக்கு வாய் வராது. போகவிட மாட்டேன். ஐப்பசியிலிருந்து தை வரை பூப்பவையாகப் பார்த்து வைக்கிறேன்: வேலியில் அவரை, வரப்பில் துவரை, பெட்டியைச் சுற்றிப் பன்னிரண்டு துளசி.

"செண்டுமல்லி வெய்யி, பாக்க லட்சணமா இருக்கும்" என்றாள் அம்மா. அடுக்குச் செண்டுமல்லியில் தேனீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்றேன்.

"டிகிரி படிச்சவ சொன்னாச் செரி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

செப்டம்பர் 15
அவரை பந்தல் ஏறிவிட்டது. வரப்புத் தும்பையைப் பிடுங்காமல் விட்டிருக்கிறேன்.

அக்டோபர் 20
மழை. துவரையில் மொட்டு. துளசி மட்டும் முழ உயரம் தழைத்து நிற்கிறது, ஒரு கதிர்கூட இல்லை. நிழலா? எரு அதிகமா?

அக்டோபர் 27
நிழலுமில்லை, எருவுமில்லை. அம்மா! குளித்த ஈரத்தலையோடு பன்னிரண்டு செடியிலும் கதிர் கிள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"கதிர் முத்துனா செடி பட்டுப்போகும் சாமி. தெனமும் கிள்ளறேன், எப்புடித் தழையுது பாரு!"

எங்கள் வீட்டில் துளசி பூத்து நான் பார்த்ததே இல்லையே — அதைப் போய் பட்டியலில் எழுதினேனே, என்ன படித்தேன்? அவளைத் தடுக்காமல் உள்ளே வந்துவிட்டேன். வழக்கம்போல.

அக்டோபர் 28
சொல்லிவிட்டேன். "வாசல்ல இருக்கறது சாமிக்கு. பின்னால இருக்கறது தேனீக்கு. அதுல கை வெக்காதம்மா." கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

"ஈக்குன்னு தனியா ஒரு துளசி இருக்குதாக்கும்?"

"இருக்குது."

அம்மா என்னை ஒருமாதிரி பார்த்தாள். கிள்ளவில்லை.

நவம்பர் 24
மூன்று நாள் அடைமழை. துவரைப் பூ பாதி கொட்டிவிட்டது. போன வருடம் ஓடியது இதே வாரம். பத்து மணிக்கு மழை விட்டதும் தேனீக்கள் வெளியே வந்தன — நேராகத் துளசிக்கு. கதிருக்கு ஒரு தேனீயாவது இருந்தது.

டிசம்பர் 8
இருக்கின்றன.

ஜனவரி 12, 2025
பெட்டியைத் திறந்தேன். ஏழு சட்டத்தில் ஆறில் அடை நிறைந்திருக்கிறது. ஓரத்தில் மூன்று ராணி அறைகள். கூட்டம் இரண்டாகப் பிரியப் போகிறது. உடனே பஸ் ஏறி எருமப்பட்டி போய், சரவணமுத்து ஆசாரியிடம் இன்னொரு பெட்டி கேட்டேன்.

"பொங்கல் கழிச்சுப் பாக்கலாம் கண்ணு."

"அதுவரைக்கும் அதுக நிக்காதுங்க. நாளைக்கே வேணுங்க."

எழுந்து பலகையை அளக்க ஆரம்பித்தார்.