வரைபட அறை விலங்குக்கு இரண்டாவது சான்று

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பா, நான், உன் தங்கை மூவரும் நலம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு தூங்காமல் நலமாக இருக்கிறாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், நீதான் எழுதுவதுமில்லை பேசுவதுமில்லையே. கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. என் வலது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது, அடைப்புக்குறி போட்டு உன் வாலை நீட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். (நீட்டவில்லை அக்கா. அம்மாவுக்குக் கையில்தான் கட்டு, வாயில் கட்டுப்பாடு கிடையாது, இனிமேல் பார்.)

கை எப்படிப் பிசகியது என்று கேட்பாய், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்தப் பருவம் ஐந்தாம் வகுப்புக்கு விலங்குகளின் தகவமைப்பு எடுக்கிறேன். ஆளுக்கு ஒரு விலங்கு, நூலகத்தில் தேடிக் குறிப்பெடுத்து, சொந்த வாக்கியத்தில் கட்டுரை எழுத வேண்டும். என் சட்டம் உனக்குத் தெரியும், நீயே அதில் மாட்டிக்கொண்டு அழுதவள்தானே: ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு சான்று, இல்லாவிட்டால் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'எப்படித் தெரியும்?' என்று எழுதிவிடுவேன். (பல் விளக்கினேன் என்றால்கூட எப்படித் தெரியும் என்கிறாள். பல்லைக் காட்டினால் அது ஒரு சான்றுதானாம்.) ஒட்டகம் திமிலில் தண்ணீர் வைத்திருக்கும் என்று ஒரு பையன் எழுதினான், யார் சொன்னது என்றால் மாமாவாம். சரி, மாமா ஒரு சான்று, இன்னொன்று கொண்டுவா என்றேன். புத்தகத்தில் பார்த்தால் தண்ணீர் இல்லை, கொழுப்பு. பிள்ளை நேரே வீட்டுக்குப் போய் மாமாவைச் சண்டைக்கு இழுத்திருக்கிறான், இப்போது அந்த மாமா என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கடைசிப் பயிற்சியாக, நம் பள்ளிக் கட்டடத்திலேயே பிழைக்கக்கூடிய ஒரு விலங்கைக் கற்பனை செய்து எழுதுங்கள் என்றேன். சன்னலோர மேசையில் மூன்று பேர் சேர்ந்து எழுதினார்கள்: கப்பலில் வேலை செய்பவரின் மகன் ஒருவன், வீடு மாறியபோது நாயை விட்டுவிட்டு வந்த பெண் ஒருத்தி, 'மௌனம்' என்று வகுப்பே கூப்பிடும் இன்னொருத்தி. மாடிப்படிக்குக் கீழே பழைய வரைபடங்களைச் சுருட்டி வைத்திருக்கும் அறையில் அவர்கள் விலங்கு இருக்கிறதாம். ஓடாதாம், பாயாதாம். யாருக்கு யார் பக்கத்தில் இல்லையோ அவர் குரலில் கூப்பிடுமாம், இரை தானாகவே கதவைத் திறந்துகொண்டு வருமாம். ஆழ்கடலில் விளக்கைத் தொங்கவிட்டு இரையை வரவழைக்கும் மீனைப் படித்ததில் வந்த யோசனை, எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கை சும்மா இருந்ததா, பழக்கத்தில் அங்கேயும் 'எப்படித் தெரியும்?' என்று எழுதிவிட்டேன். கற்பனை விலங்குக்கு யாராவது சான்று கேட்பார்களா?

பிள்ளைகள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, மதிய இடைவேளையில் அந்தக் கதவுக்கு வெளியே பென்சிலோடு உட்கார்ந்துவிட்டார்கள். கப்பல்காரர் மகன், அப்பா விசில் அடித்துத் தன்னைக் கூப்பிட்டார் என்று எழுதிக் கொடுத்தான். நாயை விட்டுவந்தவள், அது கதவைப் பிறாண்டியது என்று எழுதினாள். மௌனம் மட்டும் 'எனக்கு ஒன்றும் கேட்கவில்லை' என்று ஒரே வரி எழுதினாள், கேட்காததைக் கேட்கவில்லை என்று எழுதும் தைரியத்துக்காக அவளுக்குத்தான் முழு மதிப்பெண். மற்ற இருவரும் அளக்கிறார்கள் என்று நினைத்து, இரண்டாவது சான்றாக நானே போய் நின்றேன். நல்ல வெயில், மைதானம் முழுக்க இரைச்சல். உள்ளேயிருந்து நீ கூப்பிட்டாய். அம்மா, என் சாவியப் பாத்தியா என்று, கிளம்புகிற அவசரத்தில் நீ கேட்கிற அதே குரலில். யோசிக்காமல் ஆணியில் மாட்டியிருக்கு பாருடி என்றேன். கொஞ்சம் பொறுத்து, எந்த ஆணி என்று கேட்டது. பின்னால் நகர்ந்தவள் பிள்ளைகள் போட்டிருந்த பெஞ்சில் இடறிக் கையை ஊன்றி விழுந்தேன்.

முதலில் உன் தங்கை மேல்தான் சந்தேகம், உன் குரலில் பேசி எதிர்வீட்டு அத்தையை ஏமாற்றியவள் ஆயிற்றே. (அந்த நேரம் நான் என் பள்ளியில் தலைமையாசிரியை அறை வாசலில் முட்டி போட்டிருந்தேன். தண்டனை எனக்கு உதவியது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.) சுருட்டின வரைபடத்துக்குள் காற்று புகுந்தால் அப்படித்தான் கேட்கும் என்கிறார் அப்பா. வந்து கேளுங்களேன் என்றால், கடையில் ஆள் இல்லை என்கிறார். கடைக்கு விடுமுறை நாளிலும் அதையே சொல்கிறார்.

(அக்கா, அம்மா தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள், இது நான். கை பிசகின பிறகும் தினமும் பள்ளி விட்டதும் அந்தக் கதவுக்குப் போகிறாள். கட்டுரை திருத்தவாம். நேற்று கூட்டிவரப் போனேன். இடது கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. உள்ளே இருந்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறேன், இவ்வளவு சரியாக எனக்கு வந்ததே இல்லை. வா அம்மா என்று இழுத்தால், இருடி, பேசிட்டு வரேன் என்கிறாள்.)

நான் எழுந்துபோன நேரத்தில் உன் தங்கை என்ன எழுதினாள் என்று வாங்கிப் பார்த்தேன். அதை அடிக்கச் சொன்னேன், மாட்டாளாம். இருக்கட்டும். மௌனத்திடம், உனக்கு மட்டும் ஏனம்மா கேட்கவில்லை என்று கேட்டேன். எங்க வீட்ல எல்லாரும் இருக்காங்க மிஸ் என்றாள். இந்த வாரம் கப்பல்காரர் கரைக்கு வந்து வீட்டுக்குப் போன் பேசினாராம். மறுநாள் மகன் கதவருகே உட்கார்ந்துவிட்டு, இன்று விசில் இல்லை என்று வருத்தத்தோடு எழுதித் தந்தான். (ஆக மொத்தம் இரண்டு சான்று, அக்கா. பேசுகிறவர்களின் குரல் அதற்கு வராது. நீ தகவலே தராமல் இருக்கிறாய், அது தகவமைத்துக்கொண்டது.)

உனக்கு வேலை அதிகம், தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள், வெளியில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, மனம் போல நல்லபடியாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே: வீட்டுக்கு வரும்போது வாசலில் நின்று அம்மா என்று கூப்பிடாதே, அழைப்பு மணியை அடி. கூப்பிட்டால் திறக்க மாட்டோம். (நான் திறக்க மாட்டேன். அம்மா திறந்துவிடுவாள். திங்கட்கிழமை பள்ளி விடுவதற்குள் போன் பண்ணு.)

ஆசிகளுடன்,
உன் அம்மா
(கையெழுத்து மட்டும் இடது கையால் அவளே போட்டது. நான் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார்.)