ஆறு விநாடி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். அன்று ஆஸ்பத்திரியில் வீடியோ காலில் நீதான் அப்பாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்திருந்தாய். "எப்போப்பா வர்றே?" என்று அவர் கேட்டதும் நான் தயங்கினேன் என்று நினைக்கிறாய்.

நான் தயங்கவில்லை, அக்கா. அந்த ஆஸ்பத்திரி வைஃபையில் அவர் கேட்டது எனக்கு வந்து சேர மூன்று விநாடி ஆனது. கேட்ட கையோடு "நாளைக்கே கிளம்பறேன்பா" என்றேன். அது உங்களிடம் வர இன்னும் மூன்று. அதற்குள் அவர், "சரி விடு, உனக்கு ஆயிரம் வேலை" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நேரலையில் தாமதத்தைக் குறைப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. படம் மங்கினாலும் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பதில் பிந்தினால் எதிரில் இருப்பவருக்கு மனசில்லை என்றே நினைப்பார்கள் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான்தான் சொல்லித் தருகிறேன். அன்று படம் துல்லியமாக இருந்தது. சவரத்தில் விட்டுப்போன நரைமுடிகூடத் தெரிந்தது.

மறுநாள் பெட்டியோடு விமான நிலையத்தில் நின்றபோதுதான் அப்பா போய்விட்டார் என்று உன் செய்தி வந்தது.

நான் வருகிறேன் என்றது அவர் காதில் விழுந்ததா? பக்கத்தில் இருந்தது நீ ஒருத்திதான். விழவில்லை என்றாலும் சொல்லிவிடு.

உன் தம்பி